வாபஸ் வாங்காத பிராது

சண்டை போடுவதில் எனக்கு வெட்கமே கிடையாது. சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குக் கோலம் வரும், எனக்குச் சண்டை வரும். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரர் தங்கராசுவும் போடாத சண்டை இல்லை. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. நான் ஒன்று சொன்னால் ஒன்பதாகத் திருப்பித் தருவார். கடைசியில் இரண்டு பேரில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும், தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். எங்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் பாய் விரித்து வடகம் காயவைத்திருந்தேன். இவர் மினிலாரி ஓட்டுகிறவர். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளிலிருந்து பொம்மையும் அகல்விளக்கும் ஏற்றிக்கொண்டு சேலம், மதுரை என்று போவார். அன்றைக்கு வண்டியைப் பின்பக்கமாக எடுத்தவர் பாதி வடகத்தின் மேல் ஏற்றிவிட்டார். கேட்க வேண்டுமா?

"வண்டியில ரெண்டு பக்கமும் கண்ணாடி வச்சிருக்கானே, அது தலை சீவிக்கறதுக்கா?" என்று நான் ஆரம்பித்தேன்.

"வண்டி நிறுத்துற எடத்துல கடை விரிச்சது யாரு தப்புடி?" என்றார் அவர்.

"உங்க அம்மா வூட்டுல..." என்று நான் வாயைத் திறந்தேன். அந்தப் பேச்சை நான் முடிக்கவே இல்லை. பின்மண்டையில் யாரோ உலக்கையால் போட்டது மாதிரி இருந்தது. அப்படி ஒரு வலி என் ஆயுசில் வந்ததில்லை, பிள்ளை பெற்றபோதுகூட. வாந்தி எடுத்தேன். அப்புறம் எனக்கு நினைவு திரும்பியது பன்னிரண்டு நாள் கழித்து, புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் ஓர் இடம் பலூன் மாதிரி புடைத்திருந்ததாம். அது வெடித்து உள்ளே ரத்தம் கொட்டியிருக்கிறது. தொடை வழியாகக் குழாய் விட்டு, தலைவரைக்கும் கொண்டுபோய், முடி மாதிரி மெல்லிய பிளாட்டினச் சுருளை வைத்து அடைத்தார்கள். "காதுல கழுத்துல போட வக்கில்ல, மண்டைக்குள்ள பிளாட்டினம் போட்டுக்கிட்டு வந்திருக்கேன்" என்று என் சிநேகிதி ராஜம்மாளிடம் சொல்லிச் சிரித்தேன். பிழைத்தவள் சிரிக்கலாம்தானே.

"எல்லாம் சரியாயிடுச்சு. இனிமே வரவே வேணாம்னுட்டாங்க" என்றார் என் வீட்டுக்காரர். நான் நம்பினேன். ஏன் நம்பாமல்? தாலி கட்டினவர் சொல்கிறார், பெற்ற பெண் துர்கா பக்கத்தில் நின்று தலையாட்டுகிறாள்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ராஜயோகம். தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமையடித்தேன். காலையில் எழுந்ததும் கேழ்வரகுக் கஞ்சி என் வீட்டுக்காரர் கையால் வரும். லோடு எடுத்துக்கொண்டு வெளியூர் போனால் துர்கா கொடுப்பாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்க விடமாட்டார்கள். இதைவிடப் பெரிய அதிசயம், சண்டையில் நான் தோற்பதே இல்லை. எதை எடுத்தாலும், "சரிம்மா, நீ சொல்றதுதான் சரி" என்பார். 'அடியே' என்று கூப்பிட்ட வாய் 'இந்தாம்மா' என்று கூப்பிட்டது. துர்காவைப் படிக்கவைத்தது, கொல்லையில் பாத்ரூம் கட்டினது, அவர் அக்கா வீட்டு விசேஷத்துக்கு நான் போகாதது, எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்தேன். சாவைப் பார்த்துவிட்டு வந்தவள், மனுஷன் என் அருமையைத் தெரிந்துகொண்டான் என்று நினைத்தேன்.

கம்பெனியிலும் அதே கதைதான். தொழிற்பேட்டையில் கொளஞ்சிநாதன் என்பவருடைய பீங்கான் கம்பெனியில் பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறேன். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில் ஒட்டுத் தழும்பு இருக்கும். அதை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். துடைத்த பொம்மைகளைப் பலகையில் வரிசையாக அடுக்கி, பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு போய்க் காயவைப்போம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக என் பலகையை ராஜம்மாள்தான் தூக்குவாள். போன வருஷம் அவளிடமிருந்து பிடுங்கி நானே தூக்கி, கால் இடறி, முப்பது பிள்ளையாரையும் தரையில் போட்டு மாவாக்கினேன். முதலாளி ஓடிவந்தார். இன்றைக்குத் தொலைந்தோம் என்று நின்றேன். அவர், "பரவால்லம்மா, போய் உக்காரு, தண்ணி குடி" என்றார். ஒற்றைக் காது உடைந்த பொம்மைக்கே அரைநாள் திட்டுகிற மனுஷன்! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்குப் புத்தி வேண்டாமா? எனக்கு அப்போதும் வரவில்லை.

போன மாதம் ஒருநாள், கேஸ் சிலிண்டர் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். இவர் எந்தக் காகிதத்தையும் பைக் ஆர்.சி. உறைக்குள் செருகிவைப்பார். அதைக் கொட்டினால் கேஸ் புத்தகம் இல்லை, மடித்த ஒரு சீட்டு விழுந்தது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டின சீட்டு.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் போக முடியாததற்கெல்லாம் கொளஞ்சியப்பரிடம் போவோம். குறையை மனுவாக எழுதி, எதிரி பேரும் ஊரும் போட்டுக் கோயிலில் கட்டிவிட வேண்டும். கோயிலிலிருந்து எதிரி வீடு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். சாமி அவ்வளவு தூரம் நடந்துபோய் விசாரிக்க வேண்டுமே! தொண்ணூறு நாளில் தீர்ப்பு. காரியம் முடிந்தால் மறுபடி கோயிலுக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிட வேண்டும். வாங்காமல் விட்டால் சாமி விசாரித்துக்கொண்டே இருப்பார் என்பார்கள்.

எதிரி பேர் மனுவில்தான் இருக்கும், சீட்டில் போட மாட்டார்கள். சீட்டில் தேதி பார்த்தேன். மூன்று வருஷம் முந்தியது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பத்தாம் நாள். வாபஸ் வாங்கின சீட்டு எதுவும் கூட இல்லை.

மதுரையில் இருந்தவருக்குப் போன் போட்டேன். "யாரு மேலங்க பிராது கட்டினீங்க?"

"அது... பெண்ணாடத்து அண்ணன் மேல. வரப்புத் தகராறு வந்துச்சே, அப்ப" என்றார்.

பெண்ணாடத்து அண்ணன் என்றால் இவர் கூடப்பிறந்த மூத்தவர் கோவிந்தசாமி மாமா, கரும்பு போடுகிறவர். வரப்புத் தகராறு வந்தது உண்மைதான். சரி என்று போனை வைத்தேன். அரிசி களைந்துகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அந்தத் தகராறு பேசித் தீர்ந்து இரண்டு வருஷமாகிறது. அண்ணனும் தம்பியும் ஒரே இலையில் கறி எடுத்துத் தின்றார்கள். அப்புறம் ஏன் வாபஸ் வாங்கவில்லை? வழியில் ஒரு முனியப்பனுக்குச் சூடம் கொளுத்த மறந்தால் லோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிற மனுஷன் இவர்.

கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை மறுபடி எடுத்தேன். தூரம் என்ற இடத்தில் நாலு கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது.

மணவாளநல்லூரிலிருந்து பெண்ணாடம் எப்படிப் போனாலும் பதினைந்துக்குக் குறையாது. கிருத்திகைக்குக் கிருத்திகை கோயிலுக்கு இவர் பைக்கில்தான் போய்வருகிறோம். கிலோமீட்டர் எண்ணைப் பார்த்துப் பெட்ரோல் கணக்குச் சொல்லிக்கொண்டே வருவார். கோயில் வாசலிலிருந்து எங்கள் வாசலுக்கு நாலு கிலோமீட்டர்.

எங்கள் தெருவில் இவருக்கு வேறு யாரோடும் வம்பு கிடையாது. எதிரி எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். வீட்டில் இருப்பது மூன்றே பேர்.

முதலில் எனக்கு வந்தது ஆத்திரம்தான். அடப்பாவி மனுஷா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்துக்கிடந்தவள் மேலேயா பிராது கட்டினாய்? என் வாயை அடக்கச் சொல்லிச் சாமியிடம் கேட்டாயா? அவர் அம்மாவைப் பேசினதற்கு வஞ்சம் வைத்தாரா? என்னென்னவோ நினைத்தேன். நினைத்ததில் ஒன்றுகூட நிஜத்துக்குப் பக்கத்தில் வரவில்லை.

துர்கா ஒரு பிரைவேட் ஸ்கூலில் டீச்சர். நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தாள். அவளிடம் நேராகக் கேட்டால் அவள் அப்பாவுக்குப் போன் போடுவாள், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கதை கட்டுவார்கள் என்று தெரியும். அதனால் சீட்டை டேபிள்மேல் வைத்தேன்.

"அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டாரு. உன் வாயாலயும் ஒரு தடவை கேட்டுடறேன்" என்றேன்.

பெண் தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள். "நான் அப்பவே சொன்னேம்மா, சொல்லிடலாம்னு. தலைக்குள்ள இன்னும் ரெண்டு இருக்குதுன்னு தெரிஞ்சா அம்மா தாங்காதுன்னு அப்பாதான்..."

"ரெண்டா?" என்றேன்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று. வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குமேல் பொத்தி என்ன பயன்? பிராதை எழுதினதே அவள் கைதான். எழுதினதைப் போனில் படமெடுத்து வைத்திருந்தாள். வாங்கிப் படித்தேன்.

"கொளஞ்சியப்பர் சமூகத்துக்குத் தங்கராசு எழுதிக்கொண்ட பிராது. என் மனைவி அன்புக்கரசிக்குத் தலையில் வெடித்த இடத்தை அடைத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு இடத்தில் புடைத்திருக்கிறது. சிறியதாக இருப்பதால் இப்போது கை வைக்க வேண்டாம், வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். முதலாவது நான் சண்டை போட்டதால்தான் வெடித்தது. இனிமேல் அவளோடு சண்டை போட மாட்டேன். எதிரி அவள் தலைக்குள் இருக்கும் அந்த இரண்டும்தான். அவை வெடிக்காமல் சாமி பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு இது தெரியவே கூடாது."

மூன்று தரம் படித்தேன். தலைக்குள் இரண்டு இருக்கிறது என்பது பயமாக இருந்தது. அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் நெஞ்சில் குத்தினது அந்த வரி இல்லை. 'இனிமேல் அவளோடு சண்டை போட மாட்டேன்.' அந்த வரிதான். மூன்று வருஷமாக நான் ஜெயித்தேனே, அத்தனையும் எனக்குப் போட்ட பிச்சை. நான் கத்தினபோதெல்லாம் அவர் என் நியாயத்தைக் கேட்கவில்லை, என் மண்டையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். குழந்தையோடு ஓடிப்பிடித்து விளையாடும்போது வேண்டுமென்றே தோற்போமே, அப்படி ஒரு குழந்தையாக என்னை வைத்திருக்கிறார்கள். அதைப் பெருமை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"ஸ்கேன் எத்தனை தடவை எடுத்தீங்க?" என்று கேட்டேன். என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் எப்படி எடுப்பார்கள்? ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

"வேற யாருக்குல்லாம் தெரியும்?"

துர்கா விரல் விட்டு எண்ணினாள். பெண்ணாடத்துப் பெரியப்பாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், கம்பெனி முதலாளிக்குத் தெரியும், ராஜம்மாளுக்குத் தெரியும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்கூட இல்லை, மூன்று வருஷம் ஓட்டிவிட்டார். ஊரே கூடி முழுப் பூசணிக்காயை என் சோற்றில் மறைத்திருக்கிறது.

மறுநாள் வேலைக்குப் போய் ராஜம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என் தலையில எத்தனைடி இருக்குது?" என்றேன்.

அவள் ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் தீர்ந்த பிறகும் பிழிந்தாள். "உன் வூட்டுக்காரரு கால்ல விழாத குறையா கேட்டுக்கிட்டாருடி. நான் என்னா பண்ணுவேன்?"

"பதினஞ்சு வருஷமா ஒரே பெஞ்சுல ஒக்காந்து சோறு தின்னோம். உன் புருஷன் இன்னொருத்தி வூட்டுக்குப் போனான்னு தெரிஞ்சப்ப உங்கிட்ட மொத மொதல்ல சொன்னது யாரு?"

"நீதான்."

"அப்ப நீயும் தாங்க மாட்டேன்னு நான் நெனச்சேனா?"

அவள் அழுதாள். நான் அழவில்லை. அன்றைக்கு என் பலகையை நானே தூக்கினேன். பத்துப் பொம்மைக்குமேல் வைக்கவில்லை, ஆனால் நானே தூக்கினேன்.

மதுரைக்குப் போனவர் மறுநாள் காலையில் வந்தார். துர்கா போனில் சொல்லிவிட்டிருப்பாள் போலிருக்கிறது, வாசலில் செருப்பை விடும்போதே திருடன் மாதிரிதான் விட்டார். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் கத்தாதது அவருக்கு இன்னும் பயம். நேராக அடுப்படிக்குப் போய்க் கஞ்சி காய்ச்சினார். வழக்கம்போல் சொம்பில் ஊற்றி ஆற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

ஒரு வருஷத்துக்கு மேலாகவே அந்தக் கஞ்சி அடியில் கசக்கும். கேழ்வரகு பழசு என்று சொல்வார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிரஷர் மாத்திரையை நான் நிறுத்தின பிறகுதான் அந்தக் கசப்பு வந்தது என்று அப்போதுதான் சேர்த்துப் பார்த்தேன். தலைதான் சரியாகிவிட்டதே, மாத்திரை எதற்கு என்று நான்தான் நிறுத்தினேன். நிறுத்தாதே என்று கெஞ்சினார், காரணம் மட்டும் சொல்லவில்லை.

சொம்பை அவர் பக்கம் தள்ளினேன். "நீயே குடி" என்றேன். கோபத்தில்கூட அவரை நான் 'நீங்க' என்றுதான் சொல்வேன். அன்றைக்கு 'நீ' வந்துவிட்டது.

அவர் சொம்பைத் தொடவில்லை. "பொடி பண்ணித்தான் போட்டேன். நீ முழுங்க மாட்டேன்னே" என்றார்.

"ஏன்னு சொல்லியிருந்தா முழுங்கியிருப்பேன்."

"சொல்லியிருந்தா நீ அதையே நெனச்சு நெனச்சு..." என்று இழுத்தார். "என்னாலதானே வெடிச்சுது. அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா..."

"வருஷா வருஷம் காட்டச் சொன்னாங்களே, ஏன் கூட்டிக்கிட்டுப் போகல?"

"கூட்டிக்கிட்டுப் போனா டாக்டரு உன் எதிர்லயே சொல்லிடுவாங்களே" என்றார்.

எப்படி இருக்கிறது பாருங்கள். பொய்யைக் காப்பாற்ற வேண்டும், அதற்காக வைத்தியத்தை விட்டுவிட்டார். என் உசிர் சாமி பொறுப்பு, அவர் சொன்ன பொய் அவர் பொறுப்பு. பழைய ஆஸ்பத்திரி நோட்டை மட்டும் எங்கே என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸுக்குத் தனியாகக் கிளம்பினேன். நெய்வேலி தாண்டின பிறகு திரும்பிப் பார்த்தால், கடைசி சீட்டில் ஜன்னலோரம் தலையைக் குனிந்துகொண்டு என் வீட்டுக்காரர். எப்போது ஏறினார் என்று தெரியவில்லை. டிக்கெட்டும் தனியாக எடுத்திருக்கிறார். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் ஒரு பொம்பளை, என்னைவிட வயதில் சின்னவர். நோட்டைப் புரட்டிவிட்டு, "மூணு வருஷமா எங்கம்மா போயிருந்தீங்க?" என்று கோபப்பட்டார். "முதல்ல ஆறு மாசத்துல, அப்புறம் வருஷா வருஷம் வரச் சொல்லி எழுதியிருக்கு, உங்க வீட்டுக்காரர்கிட்ட விளக்கிச் சொல்லியிருக்குன்னும் எழுதியிருக்கு."

"அவருகிட்ட சொன்னீங்க டாக்டர். தலை என்னுதுங்களே" என்றேன்.

அவர் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் ஒரு காகிதத்தில் படம் போட்டு, கால்மணி நேரம் எனக்குச் சொன்னார். அடைத்த இடம் எது, மிச்சம் இருக்கிற இரண்டும் எங்கே, எவ்வளவு பெரிது என்று. ஒன்று கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, இன்னொன்று மிளகைவிடக் கொஞ்சம் சின்னது. சண்டை போட்டதால்தான் முதலாவது வெடித்ததா என்று கேட்டேன்.

"அந்தப் புடைப்பு பல வருஷமா இருந்திருக்கும்மா. சண்டையில வெடிக்கும், பாத்ரூம்ல முக்கும்போது வெடிக்கும், சும்மா படுத்துக்கிட்டு இருக்கும்போதும் வெடிக்கும். இவராலதான்னு யாரும் சொல்ல முடியாது. பிரஷரை ஏறவிடாம மாத்திரை போடுங்க, ஒழுங்கா ஸ்கேனுக்கு வாங்க, அதுதான் முக்கியம்."

கதவோரம் நின்றிருந்த என் வீட்டுக்காரர் அதைக் கேட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் பதில். மூன்று வருஷமும் அந்தக் குற்றத்தைத் தூக்கிச் சுமந்திருக்கிறார். எனக்கு ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தபோது தடதடவென்று தலைக்குப் பக்கத்தில் இடித்தது. பெரியதற்குத் தங்கராசு, சின்னதற்குத் துர்கா என்று பேர் வைத்தேன். சத்தம் போடாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறவர்கள்தானே இரண்டு பேரும்.

சாயந்திரம் முடிவு வந்தது. இரண்டும் அன்றைக்கு இருந்த அளவிலேயே இருக்கிறது, வளரவில்லை. டாக்டர் மறுபடி உட்காரவைத்துச் சொன்னார். "இப்படியே ஆயுசுக்கும் இருக்கலாம். வெடிக்கவே வெடிக்காதுன்னும் சொல்ல மாட்டேன். இப்பவே அடைச்சுடலாம், அதுலயும் ஆபத்து இருக்கு. இல்ல, வருஷா வருஷம் பாத்துக்கிட்டே வரலாம். என் யோசனை பாத்துக்கிட்டு வரலாங்கறதுதான். நீங்க என்ன சொல்றீங்க?"

நீங்க என்ன சொல்றீங்க! என் தலையைப் பற்றி என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பார்த்துக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். அடுத்த வருஷத்துத் தேதியை நோட்டில் நானே எழுதி வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார், மணவாளநல்லூர் இருக்கிற திசையை உத்தேசமாகப் பார்த்து. "பாத்தியாம்மா, கொளஞ்சியப்பர் காப்பாத்திட்டாரு. மூணு வருஷம், ஒரு துளிகூட வளரல. உனக்கும் தெரியாம நல்லபடியா போயிடுச்சு. திங்கக்கெழமை போயி பிராதை வாபஸ் வாங்கிடலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே மூன்றாவது ஒன்று முளைத்திருக்க வேண்டும். வளராமல் இருந்தது என் நல்ல காலம். அதை அவர் தன் பொய்க்குச் சாமி கொடுத்த சர்டிபிகேட் ஆக்கிக்கொண்டார். வளர்ந்திருந்தால்? அந்தப் பிள்ளையார் பலகையோடு நானும் விழுந்து கிடந்திருந்தால்? அப்போதும், 'பாவம், தெரியாமலே போய்ச் சேர்ந்தாள், நிம்மதியான சாவு' என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். "திங்கக்கெழமை போலாம்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

நான்கு நாள் நல்ல பெண்டாட்டியாக இருந்தேன். மாத்திரையை அவர் கண்ணெதிரே என் கையால் எடுத்து முழுங்கினேன். குனிந்து பக்கெட்டைத் தூக்கும்போது, பலமாக இருமும்போது, 'இதோ, இதோ' என்று ஒரு பயம் வரும். வந்தது. அந்தப் பயத்தை எனக்குக் கொடுக்கக்கூடாது என்றுதான் மறைத்தார்கள் என்பது எனக்கும் புரியாமல் இல்லை. ஆனால் அது என் பயம். என்னுடையதை என்னிடம் கொடுக்காமல் வைத்துக்கொள்ள இவர்கள் யார்?

ஞாயிற்றுக்கிழமை துர்காவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். எழுதித்தரட்டுமா என்றாள். வேண்டாம், எனக்கு எழுத வரும் என்றேன்.

"கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு அன்புக்கரசி எழுதிக்கொண்ட பிராது. என் தலையில் இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் வைத்தார்கள். சாமியும் அதற்கு உடந்தை. நான் சாவதாக இருந்தால் தெரிந்து சாக வேண்டும். இனிமேல் என் வீட்டுக்காரர் என்னிடம் எதையும் மறைக்கக் கூடாது. என்னோடு சண்டை போட்டால் நிஜமாகப் போட வேண்டும். மூன்று வருஷமாக என்னை ஏமாற்றியதற்கு நியாயம் வேண்டும்."

மடித்துப் பர்ஸில் வைத்தேன். திங்கட்கிழமை காலை, அவர் குளித்து விபூதி பூசிக்கொண்டு பைக்கை எடுத்தார். பின்னால் உட்கார்ந்தேன். கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டுப் பிராது எழுதிக்கொள்கிற இடத்துக்கு வந்தோம். அவர் பழைய சீட்டை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

"அதை உள்ள வையி" என்றேன். "தீந்தாத்தானே வாபஸ் வாங்கணும்? ரெண்டும் அங்கயேதான் இருக்குது."

அவர் புரியாமல் நின்றார். நான் முன்னால் போய் என் தாளை நீட்டினேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் பேர் கேட்டு எழுதினார். "எதிரி பேரு?"

"தங்கராசு."

"எத்தனை கிலோமீட்டரும்மா?"

"நாலு கிலோமீட்டருங்க" என்றேன். "ஆனா சாமி அவ்ளோ தூரம் நடக்க வேணாம். ஆளு இங்கயேதான் நிக்குது."

எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தார். பிராது கட்ட வந்த நாலைந்து பேரும் பார்த்தார்கள்.

"அடியேய்!" என்று ஒரு சத்தம். "கோயில்ல வச்சு மானத்தை வாங்குறியாடி? உனக்காக மூணு வருஷமா வாயைக் கட்டி, வயித்தைக் கட்டிச் செத்துக்கிட்டு இருக்கேன், என் மேலயே பிராது குடுப்பியா? நன்றி கெட்டவளே! உனக்குச் சொல்லியிருந்தா என்னா கிழிச்சிருப்பே?"

கத்தி முடித்தவர் சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். முகமெல்லாம் வெளுத்துப்போனது. அவர் கண் என் முகத்துக்கு வரவில்லை, நெற்றிக்குமேல் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். வலி வருகிறதா என்று நானும்தான் பார்த்தேன். காது அடைத்தது, நெஞ்சு படபடத்தது. தலை இருந்த இடத்தில் இருந்தது. மூன்று வருஷம் கழித்து என்னை ஒரு மனுஷியாக மதித்து ஒருத்தர் திட்டியிருக்கிறார்.

"என்னாம்மா" என்றார் எழுதுகிறவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இங்கயே பேசித் தீந்துடும் போல இருக்குதே. கட்டணுமா, வேணாமா?"

"கட்டுங்க" என்றேன். "மூணு வருஷத்துது ஒரு சத்தத்துல தீந்துடுமா?"

தாளைச் சுருட்டி நூல் போட்டுக் கட்டினார்கள். சீட்டை வாங்கி என் பர்ஸில் வைத்துக்கொண்டேன். பைக் நிறுத்தின இடத்துக்கு வந்தோம். சாவியைப் போட்டவர் வண்டியைக் கிளப்பாமல் திரும்பினார்.

"அப்படி என்னாதான்டி எழுதியிருக்கே அதுல?"

"அது சாமிக்குத் தெரியும்" என்றேன். "உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டே."